யார் கேட்டு எடுத்த படம்? அமெரிக்க உள்நாட்டுப் போரும் ஒளிப்படச் சாட்சியமும்

1862 அக்டோபரில், நியூயார்க்கின் பிராட்வே வீதியில் இருந்த ஒளிப்படக் கலைஞர் மாத்யூ பிராடியின் படக்கூடத்தில் 'ஆன்டீட்டத்தில் மாண்டோர்' என்ற கண்காட்சி நடந்தது. அதற்கு முந்தைய மாதம் 17ஆம் தேதி, மேரிலாந்து மாநிலத்தின் ஷார்ப்ஸ்பர்க் ஊரருகே ஆன்டீட்டம் ஓடைக்கரையில் நடந்த சண்டையில், ஒரே பகலில் ஏறத்தாழ 23,000 பேர் கொல்லப்பட்டோ காயம்பட்டோ காணாமலோ போயிருந்தார்கள். சண்டை ஓய்ந்த இரண்டாம் நாள் பிராடியிடம் வேலை பார்த்த அலெக்சாண்டர் கார்ட்னரும் ஜேம்ஸ் கிப்சனும் களத்தில் கேமராவை நிறுத்தினார்கள். சொந்த நாட்டுப் போர்க்களத்தில் புதைக்கப்படாமல் கிடந்த உடல்களை அமெரிக்கர்கள் ஒளிப்படத்தில் பார்த்தது அதுவே முதல் முறை. பிணங்களைக் கொண்டுவந்து நம் வீட்டு வாசலில் கிடத்தவில்லையே தவிர, கிட்டத்தட்ட அதற்கு ஈடான ஒன்றை பிராடி செய்துவிட்டார் என்று 'நியூயார்க் டைம்ஸ்' எழுதியது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் முக அடையாளம்கூடத் தெரிகிறது, படத்தின் மேல் குனியும் பெண்களில் ஒருத்தி தன் கணவனையோ மகனையோ அங்கே கண்டுகொண்டால் என்ன ஆகும் என்றும் அந்தக் கட்டுரை பதைத்தது. அந்தப் பதைப்பு உண்மையானது. ஆனால் நியூயார்க்கின் தாய் ஒருத்தி தன் மகனை அந்தப் படங்களில் காண்பதற்கு ஏறக்குறைய வாய்ப்பே இல்லை. களம் வடக்குப் படையின் கையில் இருந்தது. அவர்கள் தங்கள் ஆட்களை முதலில் புதைத்தார்கள். கார்ட்னர் வந்து சேர்ந்தபோது வெயிலில் கிடந்தவர்கள் பெரும்பாலும் தெற்குப் படையினர். அவர்களுடைய தாய்மார்கள் போர் எல்லைக்கு அப்பால், ஜார்ஜியாவிலும் லூசியானாவிலும் இருந்தார்கள். அந்தக் கண்காட்சி அவர்கள் கண்ணுக்கு எட்டாதது.

கார்ட்னரின் ஒரு படத்தில் இது கண்கூடாகவே பதிந்திருக்கிறது. ஒரு மேட்டில் புதிதாக மூடிய புதைகுழி. தலைமாட்டில் பலகை. அதில் மிச்சிகன் படைப்பிரிவைச் சேர்ந்த ஒரு லெப்டினன்டின் பெயர். பக்கத்திலேயே, மண் கிடைக்காமல், கால்களை அகற்றியபடி ஓர் இளைஞனின் உடல். அவன் தெற்குப் படையைச் சேர்ந்தவன். அவனுக்குப் பெயரில்லை. புதைக்கப்பட்டவருக்குப் பெயர் கிடைத்தது, படம் கிடைக்கவில்லை. புதைக்கப்படாதவனுக்குப் படம் கிடைத்தது, பெயர் கிடைக்கவில்லை. போர் ஒளிப்பட வரலாற்றை எழுதுகிறவர்கள் வழக்கமாக இந்தக் கண்காட்சியிலிருந்து தொடங்கி, களத்துப் படங்களே போரின் உண்மை முகம் என்றும், அதே நான்கு ஆண்டுகளில் ஸ்டுடியோக்களில் லட்சக்கணக்கில் எடுக்கப்பட்ட சிப்பாய்களின் உருவப்படங்கள் வெறும் நினைவுப்பொருள்கள் என்றும் பிரித்துவிடுகிறார்கள். இந்தப் பிரிவினையை ஏற்க முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம். போர்க்காலப் படம் ஒன்றைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளும்போது, அது இயல்பாக எடுக்கப்பட்டதா, ஒப்பனையோடு எடுக்கப்பட்டதா என்பது இரண்டாவது கேள்வி. அதை யார் கேட்டார்கள், யாருக்காக எடுத்தார்கள் என்பதே முதல் கேள்வி. அப்படிக் கேட்டால், கால் டாலருக்கு எடுத்த தகரப் படம் புகழ்பெற்ற களத்துப் படத்தைவிடக் கூடுதலாகவே பேசுகிறது.

அன்றைய கேமராவின் வேலைமுறை தெரியாமல் இதை எடைபோட முடியாது. 1851இல் பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் அறிமுகப்படுத்திய ஈரத்தட்டு முறையே போர் முழுவதும் புழக்கத்தில் இருந்தது. வெடிபஞ்சை ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்தால் கிடைக்கும் கொலோடியன் என்ற பசையைக் கண்ணாடித் தட்டில் சீராகப் பரப்பி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி, ஈரம் காய்வதற்குள் கேமராவில் செருகிப் படமெடுத்து, உடனே இருட்டில் உருத்துலக்க வேண்டும். எல்லாம் சில நிமிடங்களுக்குள் முடிய வேண்டும். ஆகவே களத்துக்குப் போகிறவர் குதிரை வண்டியில் இருட்டறையையும் கூடவே இழுத்துக்கொண்டு போனார். ஒளி விழும் நேரமோ பல விநாடிகள். ஓடுகிற குதிரையும் சுடுகிற சிப்பாயும் வெறும் புகைமூட்டமாகத்தான் பதிவார்கள். எனவே அந்தப் போரின் படங்களில் சண்டை இல்லை. சண்டைக்கு முன்னால் அசையாமல் நின்றவர்களும், சண்டைக்குப் பின்னால் அசைய முடியாமல் கிடந்தவர்களும் மட்டுமே இருக்கிறார்கள். செத்தவர்களின் படங்களும் நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. ஆன்டீட்டம், கெட்டிஸ்பர்க், பீட்டர்ஸ்பர்க் என விரல்விட்டு எண்ணக்கூடிய களங்களில்தான் உடல்கள் புதைக்கப்படுவதற்குள் படமெடுப்பவர் போய்ச் சேர முடிந்தது. ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப அச்சிட்டதால்தான் அவை ஏராளம் என்ற எண்ணம் நமக்கு உண்டாகிறது.

அந்தச் சிலவற்றிலும் கலைஞரின் கை அழுத்தமாக இருக்கிறது. 1863 ஜூலை 5ஆம் தேதி கெட்டிஸ்பர்க் வந்து சேர்ந்த கார்ட்னரும் டிமதி ஓசல்லிவனும் எடுத்த ஒரு படம் உலகப் புகழ் பெற்றது. இரண்டு பெரிய பாறைகளுக்கு இடையே கற்களை அடுக்கிய மறைவு. அதற்குள் மல்லாந்து கிடக்கும் இளைஞன். சுவரில் சாய்த்து வைத்த துப்பாக்கி. 'கலகக்காரக் குறிசுடுநரின் இருப்பிடம்' என்று கார்ட்னர் அதற்குத் தலைப்பிட்டார். ஆய்வாளர் வில்லியம் ஃபிரசானிட்டோ அந்த இடத்துக்கே போய், பாறைகளையும் மற்றப் படங்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்து, 1975இல் முடிவுகளை வெளியிட்டார். அதே உடல் ஏறத்தாழ 70 கஜம் தள்ளிச் சரிவில் கிடந்த நிலையில் முன்னதாகப் பலமுறை படமாகியிருந்தது. பிறகு அதைத் தூக்கி வந்து பாறை மறைவில் கிடத்தியிருக்கிறார்கள். உடலுக்கு அடியில் ஒரு கம்பளி தெரிகிறது. துப்பாக்கி குறிசுடுநர்கள் பயன்படுத்திய வகையே இல்லை. அது கலைஞர்களின் உபகரணமாக வேறு படங்களிலும் வந்து போகிறது. இதையும் தாண்டி, 1866இல் வெளியான தன் தொகுப்பில் கார்ட்னர் ஒரு கதையைச் சேர்த்தார். 1863 நவம்பரில் மீண்டும் அங்கே போனபோது அந்த எலும்புக்கூடும் துருப்பிடித்த துப்பாக்கியும் இருந்த இடத்திலேயே கிடந்தனவாம். நினைவுப்பொருள் தேடி ஊரே அலைந்த களத்தில் ஒரு துப்பாக்கி நான்கு மாதம் கேட்பாரற்றுக் கிடந்திருக்கும் என்பது நம்பத்தக்கதன்று.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதே தொகுப்பின் இன்னொரு இணை. 'சாவின் அறுவடை' என்ற ஓசல்லிவனின் படத்தில் வயலெங்கும் ஊதிக் கிடக்கும் உடல்கள். அவர்கள் கலகக்காரர்கள் என்றும், தங்கள் செயலுக்கு விலை கொடுத்தவர்கள் என்றும் பக்கத்துக் குறிப்பு சொல்கிறது. அடுத்த படத்தின் தலைப்பு 'ஜெனரல் ரெனால்ட்ஸ் வீழ்ந்த வயல்'. அதில் கிடப்பவர்கள் நாட்டுக்காக உயிர்விட்ட வடக்கு வீரர்கள் என்கிறது குறிப்பு. இரண்டிலும் இருப்பவர்கள் ஒரே ஆட்கள். கேமரா மறுபக்கம் போய் நின்றிருக்கிறது, அவ்வளவுதான். இதையும் ஃபிரசானிட்டோதான் கண்டுபிடித்தார். உடலை நகர்த்தியதைக்கூட அந்தக் காலத்துக் கலை வழக்கம் என்று மன்னித்துவிடலாம். ஆனால் ஒரே பிணத்தை ஒரு பக்கத்தில் துரோகியாகவும் மறுபக்கத்தில் தியாகியாகவும் ஆக்க முடிந்தது ஏன்? அந்த ஆட்களுக்காகப் பேச யாரும் அங்கே இல்லை. படம் அவர்கள் வீட்டுக்குப் போகப்போவதும் இல்லை. இரட்டைப் பார்வைக் கருவியில் வைத்துப் பார்க்கும் அட்டைகளாகவும், 150 டாலர் விலையுள்ள இரண்டு தொகுதிப் புத்தகமாகவும், முன்பின் தெரியாத வடக்கு மாநிலத்து வாடிக்கையாளர்களுக்கு விற்க எடுத்தவை அவை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. நோக்கம் வணிகமாகவே இருக்கட்டும், போரைப் பற்றிய வீர மயக்கத்தை அந்தப் படங்கள் கலைத்தனவே, அது போதாதா என்று கேட்கலாம். கலைத்தன என்பதற்குச் சான்று இருக்கிறது. காயம்பட்ட தன் மகனைத் தேடி ஆன்டீட்டம் போய்வந்த எழுத்தாளர் ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ், பின்னர் அந்தப் படங்களைப் பார்த்ததும் நேரில் கண்டதெல்லாம் திரும்பி வந்துவிட்டது என்று 1863 ஜூலையில் எழுதினார். அவற்றை மறைத்துப் பூட்டிவைக்கத் தோன்றியதாகவும் சொன்னார். ஆனால் அவர் களத்தை நேரில் பார்த்தவர். பெரும்பான்மை மக்களுக்கு அந்தப் படங்கள் எட்டவேயில்லை. ஒளிப்படத்தை நேரடியாகப் பத்திரிகையில் அச்சிடும் தொழில்நுட்பம் வருவதற்கு இன்னும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இருந்தன. 'ஹார்ப்பர்ஸ் வீக்லி' போன்ற இதழ்கள் மரக்கட்டையில் செதுக்கிய சித்திரமாகவே அவற்றை வெளியிட்டன. செதுக்குபவரின் உளியில் முகங்கள் பொதுவாகிவிடும், அழுகல் மறைந்துவிடும். கண்காட்சிக்குப் பிறகு போர் இன்னும் இரண்டரை ஆண்டு நடந்தது. அதிர்ச்சி உண்டாக்கிய படங்கள் என்ற பெருமையை மறுக்க வேண்டியதில்லை. அந்த அதிர்ச்சி எவ்வளவு தூரம் பரவியது என்பதில்தான் நமது வரலாறுகள் மிகைப்படுத்துகின்றன.

வீடுதோறும் உண்மையில் போய்ச் சேர்ந்த படம் வேறு. 1850களின் நடுவில் மூன்று புதுமைகள் அடுத்தடுத்து வந்தன. கண்ணாடியில் எடுத்துப் பின்னால் கறுப்புப் பூசிய ஆம்புரோடைப். மெல்லிய இரும்புத் தகட்டில் எடுத்த டின்டைப். காகிதத்தில் பல பிரதிகள் எடுக்கக்கூடிய முகவரிச்சீட்டு அளவுப் படம். டின்டைப் உடையாது. உறையில் வைத்துத் தபாலில் அனுப்பலாம். சில நிமிடங்களில் கையில் கிடைக்கும். படைமுகாம்களின் ஓரத்திலேயே கூடாரம் அடித்துக் கலைஞர்கள் தொழில் செய்தார்கள். விலை என்ன என்பதற்கு அரசே ஒரு மறைமுகச் சான்றை விட்டுச் சென்றிருக்கிறது. போர்ச்செலவுக்காக 1864 செப்டம்பர் 1 முதல் 1866 ஆகஸ்ட் 1 வரை ஒளிப்படங்களுக்கு வரி விதித்தார்கள். 25 சென்ட் வரை விலையுள்ள படத்துக்கு 2 சென்ட், 50 சென்ட் வரை 3 சென்ட், ஒரு டாலர் வரை 5 சென்ட். படத்தின் பின்புறம் ஒட்டிய வில்லையைப் பார்த்தே அது எந்தக் காலத்தது, என்ன விலையது என்று இன்று சொல்லிவிடலாம். வடக்குப் படையின் சாதாரணச் சிப்பாய்க்குப் போரின் பெரும்பகுதியில் மாதம் 13 டாலர் சம்பளம். அதுவும் மாதக்கணக்கில் தாமதமாகும். அதில் கால் டாலரோ ஒரு டாலரோ ஒதுக்கித் தன் முகத்தைப் பதித்து ஊருக்கு அனுப்புவது என்பது அவன் எடுத்த முடிவு. தளபதி உத்தரவிடவில்லை, பத்திரிகை கேட்கவில்லை.

இந்தப் படங்கள் பொய் என்பதே வழக்கமான குற்றச்சாட்டு. அதற்கான ஆதாரங்கள் படத்திலேயே கிடக்கின்றன. பின்னால் தொங்கும் திரையில் கூடாரங்களும் கொடியும் வரைந்திருக்கும். செயின்ட் லூயிஸ் நகரின் பென்டன் பயிற்சி முகாமில் ஏனோக் லாங் வைத்திருந்த அப்படியொரு திரையின் முன்னால் எத்தனையோ பேர் நின்றிருக்கிறார்கள். இடுப்பில் செருகிய கைத்துப்பாக்கியும் நீளக் கத்தியும் பல சமயம் கலைஞரின் பெட்டியிலிருந்து வந்தவை. கன்னத்தில் இளஞ்சிவப்பு தீட்டியிருக்கும், பொத்தான்களில் தங்க முலாம் தொட்டிருக்கும். பூட்ஸுக்குப் பின்னால் உற்றுப் பார்த்தால், தலை அசையாமல் பிடித்திருக்கும் இரும்புத் தாங்கியின் அடிப்பாகம் எட்டிப் பார்க்கும். டின்டைப் கண்ணாடிப் பிம்பம்போல இடவலம் மாறி விழுவதால், இடைவாரின் கொக்கியில் உள்ள எழுத்துகள் திரும்பியிருக்கும், வலக்கையில் பிடித்த துப்பாக்கி இடக்கையில் தெரியும். இதை அறிந்து, தோல்பையையும் வாரையும் வேண்டுமென்றே மாற்றி மாட்டிக்கொண்டு, படத்தில் சரியாகத் தெரியும்படி நின்ற சிப்பாய்களும் உண்டு.

ஒப்பனை இருக்கிறது என்பதை மறுக்க முடியாது, மறுக்கவும் வேண்டாம். ஆனால் யார் யாரை ஏமாற்றுகிறார்கள்? பாறை மறைவில் கிடத்தப்பட்ட இளைஞனின் படத்தைப் பார்ப்பவருக்கு அது ஏற்பாடு என்று தெரியாது. தெரியக்கூடாது என்பதே அதன் வெற்றி. வரைந்த திரை முன் நிற்கும் சிப்பாயின் தாய்க்கோ அது வரைந்த திரை என்று நன்றாகத் தெரியும். மகன் கையில் உள்ள கத்தி அவனுடையதாக இருக்காது என்றும் தெரிந்திருக்கும். அவள் அந்தப் படத்தில் தேடியது போர்க்களத்தை அல்ல. இளைத்திருக்கிறானா, காய்ச்சல் அடித்த முகமாக இருக்கிறதா, தாடி வளர்த்துவிட்டானா என்பவற்றை. அந்தக் கேள்விகளுக்கு டின்டைப் நேர்மையாகவே பதில் சொன்னது. அந்தப் போரில் செத்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் குண்டு பட்டுச் சாகவில்லை. வயிற்றுப்போக்கிலும் டைபாய்டிலும் மற்ற முகாம் நோய்களிலும் செத்தார்கள். களத்துப் படங்களில் இந்தச் சாவுகளுக்கு இடமே இல்லை. அப்படிப் பார்த்தால், முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வைத்த படம் போரின் பெரிய அபாயத்துக்கு நெருக்கமாகவே இருந்திருக்கிறது.

வீட்டுப் படம் என்ன சாட்சி சொல்லும் என்பதற்குக் கெட்டிஸ்பர்க்கே ஓர் எடுத்துக்காட்டைத் தந்திருக்கிறது. சண்டைக்குப் பிறகு ஊருக்குள் செத்துக் கிடந்த வடக்குச் சிப்பாய் ஒருவரின் கையில் ஓர் ஆம்புரோடைப் இருந்தது. அதில் மூன்று குழந்தைகள். சீருடையிலோ பையிலோ அவர் யார் என்று அறிய வழியில்லை. அந்தப் படம் பிலடெல்பியா மருத்துவர் ஜான் ஃபிரான்சிஸ் போர்ன்ஸ் கைக்குப் போனது. அவர் பத்திரிகைகளை நாடினார். 1863 அக்டோபர் 19ஆம் தேதி 'பிலடெல்பியா இன்குவையரர்' இதழ், இவர் யாருடைய தந்தை என்று கேட்டுச் செய்தி வெளியிட்டது. படத்தை அச்சிட வழியில்லாததால் சொற்களால் விவரித்தார்கள். இரண்டு பையன்கள், ஒரு பெண். இன்னின்ன வயது இருக்கலாம். மூத்த பையனின் சட்டையும் தங்கையின் கவுனும் ஒரே துணி. செய்தியை மற்ற இதழ்களும் எடுத்துப் போட்டன. நியூயார்க் மாநிலத்தின் போர்ட்வில் என்ற சிற்றூரில், பல மாதமாகக் கணவனிடமிருந்து கடிதம் வராத ஃபிலிண்டா ஹியூமிஸ்டன் அந்த வர்ணனையை அறிந்தார். அப்படியொரு படத்தை அவர்தான் கணவருக்கு அனுப்பியிருந்தார். பிரதி வந்து சேர்ந்ததும், செத்தவர் 154ஆம் நியூயார்க் படைப்பிரிவின் சார்ஜன்ட் ஏமஸ் ஹியூமிஸ்டன் என்று உறுதியாயிற்று. ஒரே சீட்டியில் தைத்த சட்டையும் கவுனும் ஒரு மனிதனுக்குப் பெயரைத் திருப்பிக் கொடுத்தன. அதே களத்தில் அதே வாரம் எடுக்கப்பட்ட புகழ்பெற்ற படங்களில் கிடக்கும் எவருக்கும் அந்தப் படங்கள் இதைச் செய்யவில்லை.

யார் கேட்டு எடுத்த படம் என்ற கேள்வி இன்னும் கூர்மையாவது கறுப்பினச் சிப்பாய்களின் படங்களில். 1863 தொடக்கத்தில் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் வந்த பிறகு, போர் முடிவதற்குள் ஏறத்தாழ 1,79,000 கறுப்பினத்தவர் வடக்குப் படையில் சேர்ந்தார்கள். அவர்களுக்குச் சம்பளம் மாதம் 10 டாலர். அதிலும் துணிக்கென்று 3 டாலர் பிடித்துக்கொள்வார்கள். 1864 ஜூனில்தான் நாடாளுமன்றம் சம்பளத்தைச் சமமாக்கியது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் உள்ள ஒரு படத்தில், வடக்குச் சீருடையில் ஒரு கறுப்பினச் சிப்பாய், அருகில் அவர் மனைவி, இரண்டு மகள்கள். மகள்கள் இருவருக்கும் ஒரே மாதிரிக் கோட்டு, ஒரே மாதிரித் தொப்பி. எல்லோரும் இருப்பதில் நல்லதை உடுத்திக்கொண்டு வந்திருக்கிறார்கள். படம் கிடைத்தது மேரிலாந்தின் செசில் கவுண்டியில். அந்த மாநிலத்தில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்ததே 1864 நவம்பரில்தான். அடிமைகளின் திருமணத்தைச் சட்டம் திருமணமாக ஏற்றதில்லை. மனைவியையோ பிள்ளையையோ எந்த நாளிலும் பிரித்து விற்கலாம். போரில் செத்த கறுப்பினச் சிப்பாயின் விதவை, தான் மனைவிதான் என்று சாட்சிகளை வைத்து நிரூபித்துத்தான் ஓய்வூதியம் வாங்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட இடத்தில், அப்படிப்பட்ட ஆண்டுகளில், சம்பளத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து நால்வரும் ஒரே சட்டகத்துக்குள் உட்காருவது, நாங்கள் ஒரு குடும்பம் என்று பதிவு செய்துகொள்ளும் செயல். அடிமை ஒழிப்புத் தலைவர் ஃபிரெடரிக் டக்ளஸ் இதை முன்பே உணர்ந்தவர். 1861 டிசம்பரில் பாஸ்டனில் படங்களைப் பற்றியே அவர் உரையாற்றினார். கேலிச்சித்திரக்காரர்கள் கறுப்பின முகத்தைக் கோரமாக்கிக்கொண்டிருந்த காலத்தில், தன்னை ஏறத்தாழ 160 முறை படமெடுத்துக்கொண்டார். அந்த நூற்றாண்டு அமெரிக்கர்களில் அதிகம் படமெடுக்கப்பட்டவர் அவரே.

என் வாதத்துக்கு மிகவும் கடினமான சோதனையும் ஓர் உருவப்படத்திலிருந்தே வருகிறது. 1861 வாக்கில் எடுத்த ஒரு டின்டைப்பில் இருவர் அருகருகே உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் மிசிசிப்பியின் வெள்ளை இளைஞர் ஆண்ட்ரூ சாண்ட்லர், இன்னொருவர் கறுப்பினத்தவரான சைலஸ் சாண்ட்லர். இருவருமே தெற்குப் படையின் சீருடையில், ஆயுதங்களோடு. கறுப்பினத்தவரும் தெற்குக்காக மனமுவந்து போரிட்டார்கள், எனவே போர் அடிமை முறைக்காக நடந்ததல்ல என்று வாதிடுகிறவர்கள் பல ஆண்டுகளாக இந்தப் படத்தைத் தூக்கிக் காட்டினார்கள். சைலசின் வழித்தோன்றல்களும் வரலாற்றாசிரியர் கெவின் லெவினும் ஆவணங்களைத் துருவியதில் உண்மை வெளிவந்தது. சைலஸ் அந்தக் குடும்பத்தின் அடிமை. எஜமானனுக்கு ஊழியம் செய்யவே போருக்கு அனுப்பப்பட்டார். கறுப்பினத்தவரைப் படையில் சேர்க்கத் தெற்கின் நாடாளுமன்றம் அனுமதித்ததே 1865 மார்ச்சில், தோல்வி வாசலுக்கு வந்தபிறகு. ஆக, ஸ்டுடியோப் படமும் பொய் சொல்லும் என்கிறது இந்த டின்டைப். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்தக் கேள்வி அந்தப் பொய்யை உடைத்தது என்று பார்க்க வேண்டும். சீருடை அசலா, துப்பாக்கி அசலா என்ற ஆராய்ச்சி அதை உடைத்திருக்காது. இந்தப் படத்தை எடுக்கச் சொன்னவர் யார், சைலசால் மறுத்திருக்க முடியுமா என்ற கேள்வியே உடைத்தது. மேரிலாந்துக் குடும்பத்தின் படமும் இந்தப் படமும் ஒரே போர்க்காலத்தில் உருவானவை, ஒரே ஈரத்தட்டுத் தொழில்நுட்பம், ஒரே மாதிரி இருக்கை. விருப்பம் யாருடையது என்பதில் அவை எதிரெதிர்.

அப்படியானால் உருவில் இருப்பவர் கேட்காத படங்களை எல்லாம் ஒதுக்கிவிடுவதா என்ற கேள்வி நியாயமானது. 1863 ஏப்ரலில் லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில் மெக்பர்சன்-ஆலிவர் ஸ்டுடியோ எடுத்த, தப்பி வந்த அடிமை ஒருவரின் சாட்டைத் தழும்பேறிய முதுகு, அடிமை முறைக்கு எதிரான ஆயிரம் உரைகளுக்குச் சமமாக ஊர் ஊராகப் போனது. வாஷிங்டனின் ஹேர்வுட் மருத்துவமனையில் அறுவை மருத்துவர் ரீட் பான்டிகூ 1865இல் காயம்பட்டவர்களை வரிசையாகப் படமெடுத்தார். ராணுவ மருத்துவத்துக்காகவும் ஓய்வூதியக் கோரிக்கைகளுக்காகவும் அவை பயன்பட்டன. இவற்றை ஒதுக்க வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் பான்டிகூவின் படங்களில் நோயாளி பெயர் எழுதிய பலகையை மார்போடு பிடித்திருப்பார். குண்டு போன வழியை மருத்துவர் சிவப்புப் பென்சிலால் அம்புக்குறியிட்டிருப்பார். யாருக்காக எடுத்தது என்பதைப் படமே ஒளிக்காமல் சொல்கிறது. எனவே அதை எப்படி வாசிப்பது என்பதும் நமக்குத் தெரிகிறது. இந்தக் கேள்வி படங்களைத் தள்ளுவதற்கான அளவுகோலன்று, அவற்றை வாசிப்பதற்கான தொடக்கம்.

முகாமின் அன்றாட வாழ்க்கையைக் காட்டும் படங்களுக்கு இது மிகவும் தேவை. சமைப்பது, துவைப்பது, சீட்டாடுவது, மரக்குடில் கட்டுவது என்று நூற்றுக்கணக்கில் இருக்கும் அப்படங்கள் பார்க்க இயல்பாகவே இருக்கும். பெரும்பாலும் அவை கிழக்கு முனையில், வடக்குப் படையின் தலைமையகங்களைச் சுற்றி எடுக்கப்பட்டவை. அங்கேதான் கலைஞர்களுக்கு அனுமதியும், படம் வாங்கும் அதிகாரிகளும் இருந்தார்கள். கடல் முற்றுகையால் ரசாயனங்கள் வராமல் தெற்கின் ஸ்டுடியோக்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. 1862 நவம்பரில் வாரன்டன் முகாமில் கார்ட்னர் எடுத்த ஒரு படத்தில், அதிகாரிகள் உட்கார்ந்திருக்க, கறுப்பினப் பணியாள் ஒருவர் ஜாடியையும் தட்டையும் நீட்டி நிற்கிறார். தலைப்பு, அவரை நோக்கி எஜமானன் கேட்கும் கேள்வி. கார்ட்னர் தொகுப்பின் குறிப்பு அவரை நகைப்புக்குரியவராக்குகிறது. விடுதலைக்காகப் போரிட்ட படையின் அன்றாடம் இது.

அதே தொகுப்பில், வர்ஜீனியாவின் கோல்ட் ஹார்பரில் 1865 ஏப்ரலில் ஜான் ரீக்கி எடுத்த படம் என் பார்வையில் அந்தப் போரின் மிகப் பெரிய படம். 1864 ஜூனில் நடந்த சண்டையில் செத்தவர்களின் எலும்புகளைப் பத்து மாதம் கழித்துப் பொறுக்கி அடக்கம் செய்கிறார்கள். முன்னால் ஒரு தூக்குப்படுக்கை. அதில் மண்டையோடுகள், கிழிந்த சீருடை, பூட்ஸ் மாட்டிய கால். பின்னால் நான்கு கறுப்பினத் தொழிலாளர்கள் மண்வெட்டியோடு குனிந்திருக்கிறார்கள். ஐந்தாமவர் தூக்குப்படுக்கையின் அருகில் உட்கார்ந்து நேராகக் கேமராவைப் பார்க்கிறார். மண்டையோடுகளை அப்படி அடுக்கியதில் ரீக்கியின் கை இருந்திருக்கும். இந்த எலும்புகளை இத்தனை நாள் வெளியில் விட்ட அக்கம்பக்கத்தாரைக் கார்ட்னரின் குறிப்பு கண்டிக்கிறது. கடைசியில் அந்த வேலையைச் செய்தவர்களில் ஒருவரின் பெயரும் அதில் இல்லை. செத்தவர்களின் பெயர் தெரியாமல் போனதற்குக் காலம் காரணம். உயிரோடு கேமராவின் எதிரே உட்கார்ந்திருந்தவரின் பெயரைக் கேட்காமல் விட்டது கேட்டிருக்க வேண்டியவர்களின் குற்றம்.

எந்தப் படங்கள் மிஞ்சின என்பதிலும் இதே ஏற்றத்தாழ்வு தொடர்ந்தது. பிராடி கடனில் மூழ்கியபோது, அவருடைய கண்ணாடித் தட்டுகளை ராணுவத் துறை 1874இல் ஏலத்தில் 2,840 டாலருக்கு எடுத்தது. அடுத்த ஆண்டு நாடாளுமன்றம் அவருக்கு 25,000 டாலர் வழங்கியது. களத்துப் படங்கள் இப்படி அரசின் ஆவணமாகி, பாடநூல்களுக்குள் போய், போரின் முகமாகிவிட்டன. டின்டைப்புகள் அலமாரிகளில் கிடந்தன. பெயர் தெரிந்தவர்கள் செத்ததும் பெயரும் போயிற்று. பிறகு பழம்பொருள் சந்தைக்கு வந்தன. 2010இல் லில்யென்குவிஸ்ட் குடும்பம் தாங்கள் சேகரித்த சுமார் 700 ஆம்புரோடைப், டின்டைப் படங்களைக் காங்கிரஸ் நூலகத்துக்கு இலவசமாகக் கொடுத்தது. சேகரிப்பு பின்னர் ஆயிரக்கணக்கில் வளர்ந்தது. மேரிலாந்துக் குடும்பமும் சாண்ட்லர்களும் இன்று அதில்தான் இருக்கிறார்கள். பெரும்பாலானவற்றின் தலைப்பு 'அடையாளம் தெரியாத சிப்பாய்' என்றே தொடங்குகிறது. 2018 முதல் முக ஒப்பீட்டு மென்பொருளையும் சீருடை விவரங்களையும் படைப்பதிவேடுகளையும் சேர்த்து வைத்துப் பெயர் தேடும் பொதுமுயற்சி ஒன்றும் நடக்கிறது. களத்துப் படங்களுக்கு ஃபிரசானிட்டோ கொடுத்த உழைப்பில் ஒரு பங்கு இந்தச் சின்னத் தகடுகளுக்கும் கிடைத்தால், இன்னும் பல பெயர்கள் திரும்பி வரும். செசில் கவுண்டியில் கிடைத்த படத்தின் சிப்பாய், மேரிலாந்தில் திரட்டிய ஏழு கறுப்பினப் படைப்பிரிவுகளில் ஒன்றைச் சேர்ந்தவராக இருக்கலாம் என்பதுவரை நூலகம் வந்திருக்கிறது. அந்த ஏழின் ஆள்பட்டியல்களும் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.